எள்ளப்பட்ட வீரன்

படக்கதை படிப்பது வீண்பொழுது என்று கருதும் பெரியோர் உளர். அவர்களிடம் நான் எடுத்துக்காட்டும் கதை ஒன்றுண்டு.

அமெரிக்கப் படக்கதைகளில் 1941-ஆம் ஆண்டு தோன்றிய வீரன் அக்வாமேன். கடலாழத்தில் வாழவும், கடலுயிர்களை ஏவவும் வல்லவன். 1973-இல் தொடங்கிய தொலைக்காட்சிச் சித்திரத் தொடரில் இடம்பெற்ற பின்னர், ‘மீனோடு பேசுபவன், தரையில் இவனால் என்ன பயன்?’ என்று எள்ளுவது வழக்கமாயிற்று.

2011-இல் ஜெஃப் ஜான்ஸ் எழுதி ஐவன் ரீஸ் வரைந்த புதிய வரிசை, அந்த ஏளனத்தை மறைக்காமல் அதையே கதையின் தொடக்கமாக்கிற்று. கொள்ளையரைத் தடுத்த வீரனிடம் உதவி பெற்றதற்குக் காவலரே நாணுகின்றனர். உணவகத்தில் ஒருவன், யாருக்கும் பிடிக்காத வீரனாயிருப்பது எப்படி இருக்கிறதென்று அவனையே கேட்கிறான். அவன் கைநீட்டவில்லை, பணிப்பெண்ணுக்குப் பொற்காசு வைத்துவிட்டு எழுந்து செல்கிறான். பின்னர் ஆழ்கடற் பிளவிலிருந்து கொடிய உயிர்கள் கரையேறியபோது, கரைவாழ் மக்களைக் காக்க முன்னிற்பவனும் அவனே.

தோள்வலியைக் கண்டு வியப்பது எளிது. ஏளனத்தைத் தாங்கியும் கடமை வழுவாத வலிமையைக் காண்பதே இக்கதை தரும் இன்பம். உங்கள் வகுப்பிலும் நகைப்புக்கு ஆளான ஒருவன் இருக்கக்கூடும். சிரிக்குமுன் அவனை ஒருமுறை நன்றாகப் பாருங்கள்.