குலுக்கலில் விழுந்த மருந்து



மருந்துச் சோதனை புனேயின் ஹடப்சருக்குப் புதிதல்ல. 1966-இல் தொடங்கிய சீரம் இன்ஸ்டிடியூட் இங்கேதான் இருக்கிறது. 2020 ஆகஸ்டில் அதன் கோவிட் தடுப்பூசியான கோவிஷீல்டின் சோதனைக்குப் புனேக்காரர்கள்தான் முதலில் கை நீட்டினார்கள். ஆனால் திடமாக இருப்பவர் கை நீட்டுவது வேறு, பித்தநாளப் புற்று வந்தவர் நீட்டுவது வேறு.

அந்த நோயில் கண் மஞ்சளாகும். உடம்பெல்லாம் அரிக்கும். சிறுநீர் கறுத்து, மலம் வெளுக்கும். காமாலைதானே என்று வீட்டில் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்குவார்கள். பித்தநாளமே அடைத்துக் கிடக்கும்போது பாவம், இலை என்ன செய்யும்? ஸ்கேன் எடுக்கும் நேரத்தில் பலருக்கு அறுவை சிகிச்சைக் கட்டம் தாண்டிவிடுகிறது.

அப்புறம் கீமோ கொடுத்துப் பயனுண்டா? டெல்லி எய்ம்ஸ் இதைச் சோதித்துப் பார்த்தது. எடுத்துக்கொண்டது பித்தப்பைப் புற்று. பித்தநாளப் புற்றுக்கு உடன்பிறப்பு, கங்கைச் சமவெளியில் அதிகம். அறுவைக்கு வழியில்லாத 81 பேர். யாருக்கு எது என்று டாக்டர் தீர்மானிக்கவில்லை, குலுக்கல்தான். ஒரு பிரிவுக்கு வலிக்கும் காமாலைக்குமான பராமரிப்பு மட்டும். அடுத்ததற்குப் பழைய ஃபுளோரோயுராசில். மூன்றாவதற்கு ஜெம்சிடபின், ஆக்சாலிபிளாட்டின். 2010-இல் முடிவு வெளியானது. பாதிப்பேர் உயிரோடு தாண்டிய காலம் முறையே 4.5, 4.6, 9.5 மாதம். பழைய கீமோவும் கீமோவே இல்லாததும் ஒன்றுதான் என்று அந்த 81 பேர் காட்டிவிட்டார்கள்! ஐந்து மாதம் பெரிய விஷயமா என்று நோயாளி இருக்கும் வீட்டில் போய்க் கேட்க முடியுமா?

அதே ஆண்டு பிரிட்டனில் 410 பேர். ஜெம்சிடபினோடு சிஸ்பிளாட்டின் சேர்ந்ததும் 8.1 மாதம் 11.7 ஆனது. 2022-இல் முடிவு வெளியான 685 பேர் சோதனையில் ஒரு பிரிவுக்கு டர்வாலுமாப் மருந்தும் சேர்க்கப்பட்டது. இரண்டு ஆண்டு கழித்து உயிரோடிருந்தவர்கள் நூற்றுக்குப் பத்திலிருந்து இருபத்தைந்தாக உயர்ந்தார்கள். விலையைக் கேட்டால்தான் தலை சுற்றும்.

‘எங்களைச் சோதனை எலி ஆக்குகிறார்களா?’ என்று நோயாளி வீட்டார் கேட்கிறார்கள். நியாயமான பயம். அதற்காகத்தான் 2009 முதல் ஒவ்வொரு மருந்துச் சோதனையும் இந்தியப் பதிவேட்டில் ஏறியாக வேண்டும். இணையத்தில் யாரும் காசில்லாமல் பார்க்கலாம். சோதனையால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சைக்கும் இழப்பீட்டுக்கும் 2019 விதிகளில் இடமுண்டு. பாதியில் விலகவும் தடையில்லை.

ஆகவே சோதனையில் சேரச் சொன்னால் அதன் பதிவு எண்ணைக் கேளுங்கள். திசுப் பரிசோதனை நடந்தால் எஃப்ஜிஎஃப்ஆர்2, ஐடிஎச்1 மரபணு மாற்றங்களையும் பார்ப்பார்களா என்று கேளுங்கள். இரண்டுக்கும் தனி மாத்திரைகள் வந்துவிட்டன. ஒப்புதல் படிவம் மராத்தியில் நீட்டப்பட்டால், அது நோயாளிக்குப் புரியாது என்றால், தமிழில் வாங்கி வீட்டில் உட்கார்ந்து படித்துவிட்டு, அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.