தேமலும் டாப்சோனும்
(களியக்காவிளை நன்கொடையாளர் கூடுகையில் நிகழ்த்திய உரை)



உணர்ச்சியற்ற தேமலோடு வருகிறவர் எங்களிடம் முதலில் கேட்பது, "குணமாகுமா?" என்றல்ல, "ஊருக்குத் தெரியுமா?" என்றே.

முற்காலத்தில் தொழுநோய்க்கு நீரடிமுத்து எண்ணெயை ஊசியாக ஏற்றினார்கள். வலி மிகுதி, பலன் சொற்பம். 1908-ல் ஜெர்மனியில் உருவான டாப்சோன் என்னும் சிறிய மூலக்கூறை, 1940களில் செங்கல்பட்டில் டாக்டர் ராபர்ட் காக்ரேன் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். பலன் கிடைத்தது.

அது எப்படி வேலை செய்கிறது? கிருமி பெருகுவதற்கு ஃபோலேட் வேண்டும். அதைக் கிருமி தானே தயாரித்துக்கொள்கிறது. அந்தத் தயாரிப்பில் டைஹைட்ரோப்டீரோயேட் சிந்தேஸ் என்னும் நொதிக்குப் பங்கு உண்டு. நொதி எடுக்கும் மூலப்பொருளின் சாயலில் டாப்சோன் போய் அதன் இடத்தை அடைத்துக்கொள்ளும்; தயாரிப்பு நின்றுபோகும். மனிதருக்கோ அந்த நொதியே இல்லை. கீரையிலும் பயற்றிலும் நமக்கு ஃபோலேட் கிடைக்கிறது. ஆயினும் சிலருக்கு இரத்தசோகை வரலாம். ஆகவே மருத்துவர் கண்காணிப்பு அவசியம்.

டாப்சோனைத் தனியே கொடுத்து வந்ததில், நொதி மாறிப்போன கிருமிகள் தப்பிப் பெருகின. மருந்துக்கு அடங்காத கிருமி உண்டென்று 1964-ல் மலேசியாவில் நிரூபித்தார்கள். எனவே 1981-ல் உலக சுகாதார நிறுவனம் ரிஃபாம்பிசின், குளோஃபசிமின் ஆகியவற்றையும் சேர்த்துக் கூட்டு மருந்தைப் பரிந்துரைத்தது. 6 மாதமோ 12 மாதமோ சாப்பிட்டால் போதும்; அரசு மருத்துவமனைகளில் இலவசம்.

பிரியமானவர்களே, கூட்டு மருந்து கிருமியைக் கொல்லும். மடங்கிப்போன விரலை அது நிமிர்த்தாது. ஆகையால் தேமலைக் கண்டால் மறைக்க விடாதீர்கள். கையோடு அழைத்து வாருங்கள்.