நாள் என்ன செய்யும்?



காலம் என்பதைப் பற்றிப் பழைய கிரேக்க தேசத்து அறிஞர்கள் என்ன சொன்னார்கள் என்று சிறிது நேரம் பேச ஆசைப்படுகிறேன். பெயர்கள்தான் வாயில் நுழையாதவை. சங்கதி ஏர் பிடிக்கிறவருக்கும் விளங்கக் கூடியதே.

கி.மு. 700-ஐ ஒட்டி அங்கே ஹீசியட் என்றொரு கவி இருந்தார். அவர் பாடிய ‘வேலைகளும் நாட்களும்’ என்ற நூலின் கடைசியில் நல்ல நாள், கெட்ட நாள் ஜாபிதா ஒன்று இருக்கிறது. மாதத்தில் ஏழாம் நாள் புனிதமாம். அன்றுதான் அப்போலோ சாமி பிறந்தாராம். ஐந்தாம் நாள் பொல்லாததாம். வளர்பிறைப் பதின்மூன்றாம் நாள் இருக்கிறதே, அது விதை விதைக்க ஆகாதாம்; ஆனால் கன்று நட மிகவும் விசேஷமாம்! மண்ணும் அதே மண், மழையும் அதே மழை. (நம்மூர்ப் பஞ்சாங்கத்தை நான் இங்கே இழுக்கவில்லை. எதை நினைத்துச் சிரிக்கிறீர்களோ அது உங்கள் பாடு.)

சுமார் 200 வருஷம் கழித்து எபேசு நகரத்து ஹெராக்ளிட்டஸ் என்பவர் இதைக் கண்டித்தார். எல்லா நாளின் இயற்கையும் ஒன்றே, அதுகூட ஹீசியட்டுக்குத் தெரியவில்லை என்று அவர் சொன்னதாகப் புளூட்டார்க் எழுதியிருக்கிறார்.

அப்படியானால் காலம் என்பதுதான் என்ன? இதற்கு நேரான பதில் சொன்னவர், பின்னால் வந்த அரிஸ்டாட்டில். பொருள்கள் அசைகின்றன, மாறுகின்றன. அந்த அசைவை முன், பின் என்று எண்ணுகிறோமே, அந்த எண்ணிக்கைதான் காலம் என்றார். மாறுதலை அறியாதவனுக்குக் காலமும் தெரியாது. சார்டினியாவில் சிலர் நெடுந்தூக்கம் தூங்கி எழுந்து, படுத்த கணத்தையும் விழித்த கணத்தையும் ஒன்றாகவே ஒட்டிக்கொண்டதாக வழங்கிய கதையை இதற்கு உதாரணமாகக் காட்டுகிறார். வானத்துக் கோளங்கள் அழியாத தனிப்பொருளால் ஆனவை என்றும் அவரே சொன்னார். அது பிற்காலத்தில் பொய்யாய்ப் போயிற்று. ஆனால் எண்ணிக்கைக்கு நல்லது கெட்டது ஏது? படியால் நெல்லை அளக்கலாம். படி நெல்லை விளைவிக்குமா, அழிக்குமா?

அரிஸ்டாட்டிலுக்கு முன்பே அனக்ஸாகோரஸ் என்பவர், சூரியன் சாமியல்ல, பழுக்கக் காய்ந்த கல். சந்திரனுக்கு வெளிச்சம் சூரியனிடமிருந்து வருகிறது. பூமி குறுக்கே வந்தால் சந்திர கிரகணம் என்றெல்லாம் சொல்லிவிட்டார். அதற்குக் கிடைத்த பரிசு என்ன தெரியுமா? ஏதென்ஸ் நகரத்தில் நாஸ்திகக் குற்றம் சாட்டினார்கள். ஊரைவிட்டுப் போய் லாம்ப்சகஸ் என்ற இடத்தில் செத்தார். அவர் கருத்தை ஜனங்கள் இரகசியமாகவே பேசிக்கொண்டார்கள்.

அதன் பலனைக் கேளுங்கள். கி.மு. 413-இல் ஏதென்ஸ் சேனை சிசிலித் தீவில் சிரக்யூஸ் பட்டணத்தை வளைத்து, முடியாமல், கப்பலேறித் தப்ப இருந்தது. ஆகஸ்ட் 27-ஆம் தேதி இரவு சந்திர கிரகணம் பிடித்தது. சிப்பாய்களில் பெரும்பாலோர் நடுங்கினார்கள். சேனாதிபதி நீசியஸோ குறி கேட்பதில் பைத்தியம் கொண்டவர். மூன்று ஒன்பது, 27 நாள் போகாமல் புறப்படுவதைப் பற்றிப் பேசவே கூடாது என்று குறிகாரர்கள் சொன்னதைக் கெட்டியாய்ப் பிடித்துக் கொண்டார். 27 நாள் எதிரி சும்மா இருப்பானா? துறைமுகத்தில் கப்பற்படை முறிந்தது. தரைவழியே ஓடியவர்களையும் மடக்கிவிட்டார்கள். நீசியஸைக் கொன்றார்கள். 7000 பேருக்குக் குறையாமல் கல்வெட்டுங் குழிகளில் அடைத்து, ஆளுக்கு நாளொன்றுக்குச் சுமார் கால் லிட்டர் தண்ணீரும் அரை லிட்டர் தானியமும் கொடுத்தார்கள். செத்தவர்களின் பிணமும் அவர்களோடேயே குவிந்து கிடந்தது.

இதில் வேடிக்கை, பின்னால் பிலோகோரஸ் என்ற இன்னொரு குறிகாரர் எழுதியது: தப்பி ஓடுகிறவனுக்கு இருட்டு நல்ல சகுனமாம், கிரகணம் கெட்டதே அல்லவாம்!