கீழாநெல்லியும் கல்லீரலும்

இடப்பள்ளியில் மழை இரண்டு நாள் விடாது பெய்துவிட்டால், வேலியோரங்களில் கீழாநெல்லி தலைகாட்டுவதை நாம் காண்கிறோம். மலையாளத்தார் இதனைக் கீழார்நெல்லி என்பர். கொச்சியில் டச்சு ஆளுநராயிருந்த வான் ரீடு, சேர்த்தலை வைத்தியர் இட்டி அச்சுதன் முதலியோர் துணையுடன் தொகுத்து, 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்த 'ஹோர்த்துஸ் மலபாரிக்கஸ்' நூலிலும் இதற்கு இடமுண்டு. மஞ்சட்காமாலைக்கு இதனை அரைத்து மோரில் கலந்து பருகுவது நம் வீடுகளின் பழைய வழக்கம்.

இதன் ஆற்றலை ஆய்வுக்கூடத்தில் எவ்வாறு அளக்கின்றனர்? பெரும்பாலும் கார்பன் டெட்ராகுளோரைடு என்னும் நஞ்சைக்கொண்டே அளக்கின்றனர். முன்னாளில் துணிக்கறை போக்கவும் தீயணைக்கவும் பயன்பட்ட திரவம் இது. உடலினுள் புகுந்ததும் கல்லீரலே தன் நொதிகளால் இதனை உடைக்கிறது. அப்போது பிறக்கும் நிலையற்ற துணுக்கு, உயிரணுவின் சவ்விலுள்ள கொழுப்பைத் தாக்குகிறது. வைக்கோற்போரில் தீப்பொறி பரவுவதுபோல் அழிவு தொடர்கிறது. காவற்காரனே கள்வனுக்குக் கதவு திறந்த கதைதான்! கீழாநெல்லியிலுள்ள ஃபில்லாந்தின், ஹைப்போஃபில்லாந்தின் என்னும் பொருள்கள் எலியின் கல்லீரல் உயிரணுக்களை இந்நஞ்சினின்று காத்தன என்று 1985-இல் இந்திய, ஜப்பானிய அறிஞர்கள் வெளியிட்டனர்.

எனினும் நாம் மறக்கலாகாத ஒன்றுண்டு. விலங்குச் சோதனைகள் பலவற்றில் மருந்து முன்னே, நஞ்சு பின்னே. நம் வீட்டு நோயாளிக்கோ கண் மஞ்சளித்த பிறகே மருந்தின் நினைவு வருகிறது.

நஞ்சன்றிக் கிருமியால் வரும் நோயிலும் இதனைச் சோதித்ததுண்டு. சென்னையில் தியாகராஜன் குழுவினர், நோபெல் பரிசு பெற்ற புளூம்பெர்க்குடன் சேர்ந்து நடத்திய ஆய்வு 1988-இல் வெளிவந்தது. ஹெப்பட்டைட்டிஸ் பி கிருமியைத் தாங்கியிருந்தோருள் கீழாநெல்லித் தூளை 30 நாள் உண்ட 37 பேரில் 22 பேரிடம் கிருமியின் அடையாளம் மறைந்தது. வெறுந்தூள் உண்ட 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆயினும் பின்னர்ப் பிறர் செய்த ஆய்வுகளில் அவ்வெற்றி வாய்க்கவில்லை. சாதாரணக் காமாலை பல சமயம் தானாகவே தணிவது. புகழ் மட்டும் பச்சிலைக்குச் சேர்ந்துவிடுகிறது.

அதனால் கேடில்லை என்று நாம் இருந்துவிடலாமா? தமிழகத்திலும் கேரளத்திலும் மருத்துவர் அஞ்சுவது மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசையை. தேங்காய்த்துண்டில் தடவிவைத்ததைக் குழந்தை வாயில் வைத்துவிட்டதென்று கொள்வோம். சிறிது வாந்தி வரும். பிறகு ஓரிரு நாள் குழந்தை நலமாய் விளையாடும். அதற்குப் பின்னரே கல்லீரல் தளரத் தொடங்கும். அதற்கென மாற்று மருந்து கிடையாது. பச்சிலைச் சாற்றை நம்பி வீட்டிலிருக்கும் அந்த ஓரிரு நாளே, குழந்தையை மருத்துவமனையில் சேர்த்திருக்கவேண்டிய நாள்.