பிறை முதல் பிறை வரை

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் மக்தப் மதரஸா ஆசிரியர் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)

 

சென்ற ரமளான் பிறை 29 அன்று மஃரிபுக்குப் பின் நம் மஹல்லாவில் நிகழ்ந்ததை அனைவரும் அறிவீர்கள். காஜியாரின் அறிவிப்பு வருமுன்னரே கைப்பேசியில் வந்த பிறைப் படம் ஒன்று வீடு வீடாகப் பரவியது. சில வீடுகளில் பெருநாள் பலகாரத்திற்கு மாவு பிசைந்தாயிற்று; சில வீடுகளில் தராவீஹுக்கு ஆயத்தமாயினர். உடன்பிறந்தாரிடையேகூடச் சொற்கள் தடித்தன. விசாரித்தபோது அது முந்தைய ஆண்டுப் படம் எனத் தெரிந்தது. குற்றம் அப்படத்தை அனுப்பியவரோடு முடிவதில்லை. ஆண்டில் இரண்டு மூன்று மாலைகளில் மட்டுமே வானை நோக்கும் நம் பழக்கத்திற்கும் அதில் பங்குண்டு.

ஆகவே ரஜப் மாதம் முழுவதும் மதரஸா மாணவர்களைப் பள்ளிவாசல் மாடியில் கூட்டி, சந்திரனை நாள்தோறும் பார்க்கவும் படமெடுக்கவும் செய்தோம். மேகம் மறைத்த நாள்கள் நீங்கலாகக் கிடைத்த படங்கள் மதரஸா சுவரில் வரிசையாக உள்ளன.

தேய்வதும் வளர்வதும் பூமியின் நிழலால் என்றே மாணவர் பலர் எண்ணியிருந்தனர். அந்நிழல் சந்திரன் மீது விழுவது கிரகணத்தின்போது மட்டுமே. அதுவும் முழுநிலவு நாளில்தான். மற்ற வேளைகளில் சந்திரனின் ஒரு பாதி எப்போதும் சூரிய ஒளியில் இருக்கிறது. அவ்வொளிப் பாதியில் எவ்வளவு நம் பக்கம் திரும்பியுள்ளது என்பதே பிறையின் அளவு.

வானில் சந்திரன் சூரியனை விட்டு நாளொன்றுக்கு ஏறத்தாழ 12 பாகை கிழக்கே விலகுகிறது. அதனால் தினமும் சராசரியாக 50 நிமிடம் பிந்தி உதிக்கிறது. பிறை 7 அளவில் மஃரிபு வேளையில் உச்சி வானில் நிற்கும் அரை நிலா, பிறை 14 அளவில் அதே வேளையில் கிழக்கே முழுநிலவாக எழுகிறது. பிறை 22 அளவில் நள்ளிரவில்தான் உதிக்கிறது. ஓர் அமாவாசையிலிருந்து மறு அமாவாசை வரை சராசரியாக 29 நாள் 12 மணி 44 நிமிடம். மாதம் சில வேளை 29 ஆகவும் சில வேளை 30 ஆகவும் அமைவதன் காரணம் இதுவே.

படமெடுப்பதில் முதலில் தோற்றோம். கேமரா தானாக எடுத்த படங்களில் வெள்ளைப் பொட்டு மட்டுமே தெரிந்தது. முழுநிலவு என்பது வெயில் படும் பாறை நிலம். இரவுக் காட்சிக்குரிய நீண்ட நேரம் அதற்கு வேண்டியதில்லை. கேமராவை முக்காலியில் நிறுத்தி, ஒளியுணர்வை 100 ஆகவும் துளையை 11 ஆகவும் நேரத்தை நூறில் ஒரு வினாடியாகவும் வைத்தபின் கரும்படலங்கள் தெளிந்தன. அரை நிலாவின் மொத்த ஒளி முழுநிலவினதில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே. ஆதலால் அதற்குக் கூடுதல் நேரம் தேவை. ஆயினும் பள்ளங்களின் நிழல் நீண்டு விழும் அந்நாள்களின் படங்களே மிகச் சிறந்தவை.

மாணவர்களை மிகவும் நெகிழ்வித்தது மாதக் கடைசியே. பிறை 27 அன்று ஸுப்ஹுக்கு முன் கிழக்கு வானில் மெல்லிய கீற்று எழுந்தது. யாஸீன் அத்தியாயத்தில் பேரீச்சங்காம்பு உவமையாகக் கூறப்படுவது இவ்வளைவிற்கே என உஸ்தாத் எடுத்துரைத்தார். அதை மனனமாக ஓதும் பிள்ளைகள் அன்றுதான் அதைக் கண்ணால் கண்டார்கள். எங்களில் சிலரும் அவ்வாறே.

இனி பிறை 29க்கு வருவோம். சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையே ஏறத்தாழ 7 பாகை விலகல் இல்லையேல் கீற்று புலப்படாது என்று பிரெஞ்சு வானியலாளர் ஆந்த்ரே தான்ஜோன் 1930களில் கணித்தார். அமாவாசைக்குப் பின் அவ்வளவு விலகப் பெரும்பாலும் அரை நாளுக்கு மேலாகும். சவூதியில் சூரியன் நமக்கு இரண்டு மூன்று மணி நேரம் பிந்தி மறைகிறது. அதற்குள் சந்திரன் மேலும் ஒரு பாகைக்கு மேல் விலகிவிடும். அங்குள்ள நம் பிள்ளைகள் காணும் பிறையை அன்று நாம் காணாதிருப்பதில் வியப்பில்லை.

படம் மட்டும் ஏன் சாட்சியாகாது என்பதையும் இங்கே கூற வேண்டும். 2013 ஜூலை 8 அன்று பிரான்சில் தியெரி லெகோ என்பார், அமாவாசை நிகழ்ந்த அதே கணத்தில், பகல் வானில், அகச்சிவப்புக் கதிரில் பிறையைப் படமெடுத்தார். எக்கண்ணும் காண முடியாததை அக்கருவி கண்டது. மறுபுறம், சில கைப்பேசிகள் நிலவைப் படமெடுக்கையில் இல்லாத நுணுக்கங்களைத் தாமே சேர்த்துவிடுகின்றன. கண்ணுக்கு எட்டாததையும் காட்டும், இல்லாததையும் காட்டும் படம் கற்பதற்கு உதவும்; சாட்சியத்திற்கு ஈடாகாது. கண்டவர் நேரில் வந்து கூறட்டும். முடிவைக் காஜியார் அறிவிக்கட்டும்.

ஜமாஅத்தாரிடம் எங்கள் வேண்டுகோள் இரண்டு. ஒவ்வொரு மாதமும் பிறை 29 மாலையில் பிள்ளைகளுடன் மாடிக்கு வாருங்கள். சூரியன் முற்றிலும் மறையுமுன் தொலைநோக்கியைக் கண்ணில் வைக்காதீர்கள். எடுத்த நாளும் இடமும் அறியாத பிறைப் படத்தை எவருக்கும் அனுப்பாதீர்கள்.

வரும் ரமளானின் கடைசி மாலையில் நம் வீடுகளில் வாதம் எழாது, துஆ மட்டுமே எழ வல்ல ரஹ்மான் கிருபை செய்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.