கரை இறங்கும் பிள்ளைக்குக் காத்திருப்பவர் யார்?

(தில்லியில் சங்கத்தின் பெற்றோர் – மாணவர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு, ‘ஐரோப்பாவுக்குப் படிக்கப் போகும் மாணவரின் முதல் நாட்கள்’ என்பது. உள்ளே நுழையும்போதே ஒரு தோழர் என்னைப் பிடித்துக்கொண்டார். “நரேலாவிலிருந்து பிள்ளை பள்ளிக்கூடம் போய்ச் சேரவே பஸ்ஸைக் காணோம், நீங்கள் ஐரோப்பாவுக்கு வழி சொல்ல வந்துவிட்டீர்களா?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதை ஒதுக்கிவிட்டு நான் பேசப்போவதில்லை. நரேலா பஸ்ஸுக்கும் ஐரோப்பாவுக்கும் சம்பந்தம் உண்டு என்பதைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

முதலில் ஒன்றை நினைத்துப் பாருங்கள். முன்பின் தெரியாத ஊரில் முதல் நாட்கள் எப்படி இருக்கும் என்று நமக்குப் புத்தகம் படித்துத் தெரிய வேண்டியதில்லை. கள்ளக்குறிச்சிப் பக்கமிருந்தும் விழுப்புரம், சேலம் பக்கமிருந்தும் ரயிலேறி, இரண்டு இரவு கழித்து இந்த ஊரில் இறங்கியவர்கள் நாம். பாஷை தெரியாது. குளிர் தெரியாது. ஆனால் ஸ்டேஷனில் ஊர்க்காரர் ஒருவர் வந்து நின்றார். ஜுக்கியில் படுக்க இடம் காட்டினார். எந்த வீட்டில் வேலை இருக்கிறது, என்ன கூலி கேட்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். அந்த ஒருவர் வந்து நின்றதால் பிழைத்தோம். அவர் வராமல் போனவர்கள் பட்ட பாட்டையும் நாம் பார்த்திருக்கிறோம். இதை மனத்தில் வைத்துக்கொண்டு இரண்டு மாணவர்களின் கதையைக் கேளுங்கள்.

முதலாமவர் நம் தமிழ்நாட்டுக் கணித மேதை சீனிவாச ராமானுஜன். 1887இல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். கணக்கைத் தவிர வேறு பாடங்களில் கவனம் இல்லாததால் கல்லூரித் தேர்வில் தோற்றவர். 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தா வேலையில் சேர்ந்தார். அங்கிருந்து 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குத் தம்முடைய தேற்றங்களை எழுதி அனுப்பினார். இந்தக் கதை உங்களில் பலருக்குத் தெரியும். அதற்குப் பிறகு நடந்ததை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை.

ஹார்டி கூப்பிட்டவுடனே ராமானுஜன் கப்பலேறிவிடவில்லை. கடல் கடந்தால் சாதி கெட்டுவிடும் என்று நம்பிய குடும்பம் அது. 1914 தொடக்கத்தில் கேம்பிரிட்ஜிலிருந்து நெவில் என்ற இளம் கணித ஆசிரியர் சென்னைக்கு விரிவுரை ஆற்ற வந்தார். அவர்தான் பேசிச் சம்மதிக்க வைத்தார். பல்கலைக்கழகத்திடம் பணத்துக்கும் முயற்சி நடந்தது. ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகை, அதற்கு மேல் கப்பல் செலவும் துணிமணிச் செலவும் தனி என்று ஏற்பாடாயிற்று. அன்றைக்கு ஒரு பவுனுக்கு 15 ரூபாய். குமாஸ்தாவாக அவர் வாங்கியதைப் போலப் பத்து மடங்கு! அதிலிருந்து ஆண்டுக்கு 50 பவுன் அளவுக்கு ஊரில் குடும்பத்துக்குப் போய்ச் சேரும்படி புறப்படும் முன்பே ஏற்பாடு செய்துவிட்டார்கள். ஊருக்கு மாதாமாதம் பணம் அனுப்புகிற நமக்கு இதன் அருமை புரியும். வீட்டில் அடுப்பு எரிகிறதா என்ற கவலை இருந்தால் எந்தப் பிள்ளைக்குப் படிப்பு ஏறும்?

1914 மார்ச் 17 அன்று ‘நெவாசா’ என்ற கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டது. அதற்கு முன்பே குடுமியை எடுத்துவிட்டார்கள். காற்சட்டையும் பூட்சும் மாட்டிவிட்டார்கள். ஏறக்குறைய நான்கு வாரப் பயணம். ஏப்ரல் 14 அன்று லண்டனில் இறங்கியபோது நெவிலும் அவருடைய சகோதரரும் காரோடு காத்திருந்தார்கள். இந்திய மாணவர்கள் வந்து இறங்கினால் தங்குவதற்கென்றே லண்டன் குரோம்வெல் சாலையில் ஒரு வீடு இருந்தது. அங்கே சில நாட்கள் தங்கவைத்தார்கள். அதன் பிறகு கேம்பிரிட்ஜுக்கு அழைத்துப்போய், கல்லூரி விடுதியில் இடம் கிடைக்கும்வரை நெவில் தம்முடைய சொந்த வீட்டிலேயே வைத்துக்கொண்டார்.

கவனியுங்கள். உலகம் போற்றும் மூளை அது. அந்த மூளைக்குக்கூட, போட்ட திட்டப்படி முதல் நாட்கள் கழிவதற்கு ஒரு பல்கலைக்கழகத்தின் பணம், ஒரு மாணவர் இல்லம், ஒரு வாத்தியார் வீடு இவ்வளவும் தேவைப்பட்டன.

அப்படியும் எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. பிற்காலத்தில் இந்தியப் புள்ளியியல் கழகத்தைத் தோற்றுவித்த மஹலனோபிஸ் அப்போது கேம்பிரிட்ஜில் மாணவர். ராமானுஜனுடைய அறைக்கு அவர் போனபோது, இரவில் குளிர் தாங்க முடியவில்லை, ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு சால்வையைச் சுற்றிக்கொண்டுதான் தூங்குகிறேன் என்றாராம் ராமானுஜன். மஹலனோபிஸ் கட்டிலைப் பார்த்தார். கம்பளிகள் நிறையவே இருந்தன. ஆனால் அவற்றை மெத்தையோடு சேர்த்துச் செருகி, மேலே விரிப்புப் போட்டிருந்தார்கள். அதற்குள் நுழைந்து படுக்க வேண்டும் என்று ராமானுஜனுக்கு யாரும் சொல்லவில்லை. அவர் மேல் விரிப்பின் மீதே படுத்து நடுங்கிக்கொண்டிருந்தார்!

இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் இருக்கலாம். தில்லிக்கு வந்த முதல் ஜனவரியில் ரஜாய் என்றால் என்னவென்று தெரியாமல் புடவையை நான்காக மடித்துப் போர்த்திக்கொண்டு படுத்த தாய்மார்கள் சிரிக்க மாட்டார்கள். அறிவு வேறு, பழக்கம் வேறு. கம்பளி இருந்தும் பயன்படவில்லை. சொல்லிக் கொடுக்கப் பக்கத்தில் ஆள் இல்லை. சாப்பாடும் அப்படித்தான். மரக்கறி உணவைத் தாமே சமைத்துச் சாப்பிட வேண்டிய நிலை. 1914 ஆகஸ்டில் உலகப் போர் மூண்டபின் சாமான் கிடைப்பதும் கஷ்டமாயிற்று. 1917இல் நோய் கடுமையானது. 1918இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினர் என்ற பெருமை வந்தது. 1919இல் உடல் நலிந்து ஊர் திரும்பினார். 1920 ஏப்ரல் 26 அன்று, 32 வயதில், மறைந்தார். நோய்க்குக் காரணம் என்னவென்று மருத்துவர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். தனிமையும் குளிரும் ஒழுங்கான சாப்பாடு இல்லாததும் அந்த உடம்புக்கு நல்லது செய்திருக்காது என்பதற்கு மருத்துவப் பட்டம் தேவையில்லை.

இரண்டாமவர் டாக்டர் அம்பேத்கர். இவருக்காகத் துறைமுகத்தில் கார் நிற்கவில்லை. பரோடா மன்னரின் உதவித்தொகையில் 1913இல் அமெரிக்கா போய்ப் படித்தவர், 1916இல் லண்டன் வந்து பொருளாதாரப் பள்ளியிலும் கிரேஸ் இன் சட்டக் கழகத்திலும் சேர்ந்தார். உதவித்தொகைக் காலம் முடிந்தது, திரும்பி வா என்று உத்தரவு வந்தது. 1917இல் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பினார். தனிக் கப்பலில் அனுப்பிய அவருடைய பெட்டிகள் போரில் குண்டு பட்டுக் கடலில் மூழ்கின. ஒப்பந்தப்படி பரோடாவில் வேலைக்குப் போனார். லண்டனிலும் நியூயார்க்கிலும் படுக்க அறை கிடைத்தவருக்குப் பரோடாவில் கிடைக்கவில்லை. தங்கியிருந்த பார்சி விடுதியிலிருந்து, தீண்டத்தகாதவர் என்று தெரிந்ததும், தடியோடு வந்து விரட்டினார்கள்.

அதற்குப் பிறகு பம்பாயில் கல்லூரியில் வேலை பார்த்துப் பணம் சேர்த்தார். கோலாப்பூர் சாகு மகாராஜா உதவினார். பார்சி நண்பர் ஒருவர் கடன் கொடுத்தார். 1920இல் மறுபடியும் லண்டன் போனார். காலையில் ஒரு துண்டு ரொட்டி. பகலெல்லாம் பிரிட்டிஷ் மியூசியம் நூலகம். இரவில் பசி எடுத்தால் ஊர்க்காரர் கொடுத்த அப்பளம். இங்கே பம்பாயில் ரமாபாய் அம்மையார் சொற்பக் காசில் குடும்பம் நடத்தினார். 1923இல் அறிவியல் முனைவர் பட்டம் பெற்றார். அவர் தங்கியிருந்த கிங் ஹென்றி சாலை வீட்டை 2015இல் மகாராஷ்டிர அரசு விலைக்கு வாங்கி நினைவிடம் ஆக்கியது. நல்ல காரியந்தான். ஆனால் அவர் அப்பளம் தின்று படித்த அந்த நாட்களில் அந்த வீட்டு வாடகைக்கு அரசு எதுவும் உதவவில்லை என்பதையும் சேர்த்து நினைவில் வைக்க வேண்டும்.

அந்தப் பசியை அவர் மறக்கவில்லை. 1942இல் வைஸ்ராயின் நிர்வாக சபையில் உறுப்பினராக இருந்தபோது கொடுத்த மனுவில், தாழ்த்தப்பட்ட மாணவர்கள் வெளிநாட்டில் படிக்க அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்று கேட்டார். ‘நான் கஷ்டப்பட்டு வந்தேன், நீங்களும் கஷ்டப்பட்டு வாருங்கள்’ என்று சொல்லவில்லை. தமக்கு இல்லாதது பிறகு வருகிறவர்களுக்கு இருக்க வேண்டும் என்றார். தலைவர் என்பதன் இலக்கணம் அது.

இனி இன்றைய நிலைக்கு வருகிறேன். 1954–55 முதல் மத்திய அரசிடம் ‘தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகை’ என்ற திட்டம் இருக்கிறது. ஆண்டுக்கு 125 இடங்கள். அதில் 115 தாழ்த்தப்பட்டோருக்கு. மற்றவை சீர்மரபினர், நாடோடிப் பழங்குடியினர், நிலமற்ற விவசாயக் கூலிகள், பாரம்பரியக் கைவினைஞர் ஆகியோரின் பிள்ளைகளுக்கு. முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் உண்டு. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். பெண்களுக்கு 30 விழுக்காடு. இப்படி ஒரு திட்டம் இருப்பதே நம்மில் எத்தனை வீடுகளுக்குத் தெரியும்?

இத்தனை கோடி மக்களுக்கு 125 இடம்! அதையும் ஒழுங்காகக் கொடுக்கிறார்களா? 2022இல் புது விதி போட்டார்கள்: இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகம் பற்றி வெளிநாட்டில் ஆராயப் போகிறவர்களுக்கு இந்தப் பணம் கிடையாது. சாதியைப் பற்றி நியூயார்க்கில் எழுதிய அம்பேத்கர் இன்று விண்ணப்பித்தால் அவருக்கும் கிடைக்காது. 2025இல் 106 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். முதலில் 40 பேருக்கு மட்டும் கடிதம் கொடுத்து, மீதி 66 பேருக்கு நிதி இருந்தால் பார்க்கலாம் என்றார்கள் என்று ஜூலையில் பத்திரிகைகளில் செய்தி வந்தது. ஐரோப்பாவில் வகுப்பு செப்டம்பர், அக்டோபரில் தொடங்குகிறது. ஜூலையில் ‘பார்க்கலாம்’ என்று கேட்ட பிள்ளை எப்போது விசா எடுக்கும்? ராமானுஜனுக்குப் புறப்படும் முன்பே எல்லாம் தீர்மானமாயிற்று. அதுதான் உதவித்தொகை. நடுவழியில் நிறுத்தி வைப்பதற்குப் பெயர் வேறு.

உதவித்தொகை இல்லாமல் போகலாமே என்பார்கள். ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை என்பது உண்மை. ஆனால் விசாவுக்கு முன்பே ஓராண்டுச் சாப்பாட்டுக்கும் வாடகைக்குமாக 11,904 யூரோவை முடக்குக் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். பத்து லட்சம் ரூபாய்க்கு மேல். மாதம் 992 யூரோவாகத்தான் அதை எடுக்க முடியும். வீடு பிடித்த இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஞாயிற்றுக்கிழமை கடைகள் அடைத்திருக்கும். சனிக்கிழமை இரவு போய் இறங்குகிற பிள்ளை ஒரு நாள் சாப்பாட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும். இவை சின்ன விஷயங்கள். கம்பளிக்குள் நுழைந்து படுப்பதும் சின்ன விஷயந்தான்.

அதைவிடப் பெரிய தடை இங்கேயே இருக்கிறது. தில்லியில் பிறந்த நம் பிள்ளைக்குச் சாதிச் சான்றிதழ் வேண்டுமானால், அப்பாவுக்குத் தமிழ்நாட்டில் கொடுத்த சான்றிதழைக் கேட்கிறார்கள். அதை வைத்துத்தான் ‘வேறு மாநிலத்திலிருந்து குடியேறியவர்’ என்று எழுதித் தருகிறார்கள். அந்தக் காகிதம் எங்கே இருக்கும்? ஜுக்கியில், தகரப் பெட்டிக்குள்.

2025 ஜூன் 1 அன்று ஜங்புராவில் மதராசி கேம்பை இடித்தார்கள். சுமார் 370 வீடுகள். மாற்று வீட்டுக்குத் தகுதி உண்டு என்று முதலில் சொன்னது 189 குடும்பங்களுக்கு. அதுவும் நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால், நரேலாவில். புல்டோசர் சுவரை மட்டும் இடிப்பதில்லை. தகரப் பெட்டியையும், பிள்ளை நடந்து போய்ப் படித்த பள்ளிக்கூடத்தையும், பக்கத்து வீட்டு அண்ணன் சொல்லிக் கொடுத்த கணக்கையும் சேர்த்து இடிக்கிறது. வாசலில் கேள்வி கேட்ட தோழருக்கு என் பதில் இதுதான்: நரேலாவுக்குப் பஸ் விடாத அரசும், 66 பிள்ளைகளைக் காக்க வைத்த அரசும் ஒன்றேதான். ஐரோப்பாவுக்குப் போகும் பாதையில் முதல் மைல் கல் நரேலா பஸ் நிறுத்தம். இரண்டுக்கும் சேர்த்துத்தான் போராட வேண்டும்.

சங்கம் செய்ய வேண்டியவை சில உண்டு. ஒன்று, வீடு வீடாகச் சான்றிதழ்களைச் சேகரித்து நகலெடுத்து, சங்க அலுவலகத்திலும் ஒரு பிரதி வைக்க வேண்டும். இரண்டு, பள்ளி இறுதி வகுப்பிலிருந்தே மத்திய அரசின் திட்டத்தையும், தமிழ்நாட்டு அரசின் அயலகக் கல்வித் திட்டத்தையும், அவற்றின் தகுதிகளையும் பிள்ளைகளுக்குச் சொல்லி வைக்க வேண்டும். மூன்று, புறப்படும் பிள்ளைக்கு முதல் மாதச் செலவுக்கென ஒரு கைமாற்று நிதி வேண்டும். நாம் சீட்டுப் பிடிக்கத் தெரிந்தவர்கள், இதுவும் முடியும். நான்கு, போகிற ஊரில் நம்மவர் யார் என்று தேடிப் பிடித்து, விமான நிலையத்துக்கு வரச் சொல்லி எழுத வேண்டும். போய்ச் சேர்ந்த பிள்ளை, அடுத்து வருகிற பிள்ளைக்காகப் போய் நிற்க வேண்டும். இது கடன், திருப்பித் தந்தே ஆக வேண்டிய கடன்.

மாணவச் செல்வங்களே, அங்கே போனால் தெரியாததைக் கேளுங்கள், கேட்பதில் வெட்கமில்லை. வேளைக்குச் சாப்பிடுங்கள். உடம்புக்கு முடியாவிட்டால் வீட்டுக்கு மறைக்காதீர்கள்.

பெற்றோர்களே, பிள்ளை கெட்டிக்காரனாக இருந்தால் எப்படியும் மேலே வந்துவிடுவான் என்று பலர் ஆறுதல் சொல்வார்கள். நம்பாதீர்கள். ராமானுஜனைவிடக் கெட்டிக்காரன் யார்? அவருக்கே துறைமுகத்தில் ஒருவர் காத்திருக்க வேண்டியிருந்தது. நம் பிள்ளைகளுக்காக அரசு காத்திருக்க வேண்டும் என்று கேட்போம். கேட்டுக்கொண்டே, நாமும் போய் நிற்போம்.