வீட்டுப் புகைபோக்கியும் அதனைச் சோதிப்பவரும்

(சங்கராபுரத்தில் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்குக் கூட்டுறவு இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர் நிகழ்த்திய பிரசங்கம்)



சங்கத்துக் கணக்கைப் பிறர் ஒருவர் தணிக்கை செய்யவேண்டும் என்பது சட்டம். பணத்தைக் கையாளும் காரியதரிசியே தம் கணக்கைத் தாமே தணிக்கை செய்துகொள்ள நீங்கள் இடங்கொடுப்பதில்லை. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் உள்ள கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளின் கொதிகலன்களுக்கும் இவ்விதமே ஏற்பாடு உண்டு. 1923-ஆம் வருஷத்துச் சட்டம் முதற்கொண்டு, குறித்த தவணையில் பரிசோதகர் பார்த்து அத்தாட்சி கொடாமல் கொதிகலனில் நெருப்பிடலாகாது. ஆனால் நம் வீட்டு அடுப்பின் புகைபோக்கியைக் கடைசியாகப் பார்த்தவர் யார்? எப்போது பார்த்தார்? இதற்கு விடை சொல்லக்கூடிய வீடுகள் சிலவே.

எரிவாயு வந்தபின் புகைபோக்கியைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். 2016-ஆம் வருஷத்தில் உஜ்வலா திட்டம் ஏற்பட்டது முதல் ஏழை வீடுகளிலும் எரிவாயு அடுப்பு புகுந்திருப்பது மெய்யே. எனினும் வெந்நீருக்கும், நெல் அவிப்பதற்கும், மாட்டுக்குக் கஞ்சி காய்ச்சுவதற்கும் விறகடுப்புத்தானே எரிகிறது? சிலிண்டர் தீர்ந்த நாட்களில் சோறும் அதன்மேல்தான். கல்வராயன் மலைக் கிராமங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டுவதில்லை. வீட்டுக்குள் எழும் புகையினால் 2020-ஆம் வருஷத்தில் மாத்திரம் உலகத்தில் 32 லட்சம் பேர் மாண்டதாக உலகச் சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டிருக்கிறது. குழந்தைகளுக்குக் கபவாத சுரமும், பெண்களுக்குத் தீராத இருமலும் மூச்சிரைப்பும், இருதய நோயும் அதனால் உண்டாகின்றன.

புகையில்லா அடுப்பு நமக்குப் புதிதன்று. தஞ்சையிற் பிறந்த ஜே. ஸி. குமரப்பா நடத்திவந்த கிராமக் கைத்தொழில் சங்கத்தின் இருப்பிடமாகிய வார்தா மகன்வாடியிலிருந்து ‘மகன்’ அடுப்பு வெளிவந்தது. ஹைதராபாத் பொறியியல் ஆராய்ச்சிச் சாலையைச் சேர்ந்த எஸ். பி. ராஜு என்பவர், இலட்சோபலட்சம் சமையலறைகளிலிருந்து புகையை ஒழிப்பது பற்றி எழுதிய நூல் 1953-இல் சென்னையில் அச்சாயிற்று. பின்னர் 1983 முதல் 2002 வரை மத்திய சர்க்கார் நடத்திய திட்டத்தில் தேசமெங்கும் 3 கோடிக்கு மேற்பட்ட அடுப்புகள் போடப்பட்டன. அவற்றுள் பல சில வருஷங்களிலேயே இடிந்தும், குழாய் அடைபட்டும் கைவிடப்பட்டன.

ஏன் அப்படி ஆயிற்று? ஒடிஷாவில் 44 கிராமங்களில், ஏறக்குறைய 2,600 குடும்பங்களிடையே, பிற்பாடு நோபல் பரிசு பெற்ற எஸ்தர் டுஃப்லோ அம்மையாரும் மற்றிருவரும் பல வருஷம் ஆராய்ந்தனர். புகைபோக்கியுள்ள அடுப்பைப் பெற்ற வீடுகளில் முதல் வருஷம் சமைப்பவர் சுவாசித்த புகை குறைந்தது. அதற்கு மேல் அந்த நன்மை மறைந்துவிட்டது. குழாயைத் துடைப்பாரில்லை, வெடிப்பை மெழுகுவாரில்லை, அடுப்பை முறையாக உபயோகிப்பாருமில்லை. அடுப்பைக் கட்டிக் கொடுத்தவுடன் வேலை முடிந்ததென்று எண்ணியதே குறை என்பது என் அபிப்பிராயம்.

குழாயினுள் நடப்பது இன்னதென்று அறிந்தால் இது விளங்கும். ஈர விறகும், காயாத மரவள்ளிக் குச்சியும் எரியும்போது எழும் புகையில் தாரைப் போன்ற பசை கலந்திருக்கிறது. குழாயின் குளிர்ந்த பாகத்தில் அது படிந்து, கரியோடு சேர்ந்து இறுகுகிறது. குழாய் வளையும் இடத்திலேதான் அதிகம் தங்கும். வழி குறுகக் குறுகப் புகை சமையலறைக்குத் திரும்பும். அதைவிடக் கேடு, அந்தப் பசையே ஒரு நாள் தீப்பற்றிக் குழாய்க்குள் இரைச்சலோடு எரிவது. கூரை வீட்டில், அதுவும் ஆடிக்காற்றில், அப்பொறி எங்கே போய் விழும் என்று நான் சொல்லவேண்டியதில்லை. அணில் கூடும் குளவிக் கூடும் அடைப்பதும் உண்டு.

ஜெர்மனியில் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் அதிகாரம் பெற்ற புகைபோக்கிப் பரிசோதகர் ஒருவர் உண்டு. 2013 முதல் குழாயைத் துடைக்கத் தேர்ச்சி பெற்ற எவரையும் வீட்டுக்காரர் அமர்த்திக்கொள்ளலாம். ஆயினும் தீ அபாயம் பற்றிய பரிசோதனை வட்டாரப் பரிசோதகரிடமே நிறுத்தப்பட்டிருக்கிறது. நம் தாலுகாவில் அப்படிப்பட்ட உத்தியோகஸ்தர் இல்லை. ஆகையால் தகுதியை நாமேதான் விசாரித்தறியவேண்டும்.

புகைபோக்கி அடுப்புகளைக் கட்டி அனுபவமுள்ள கொத்தனாரே தக்கவர். அவர் முன்பு கட்டிய அடுப்பு ஒன்றை, கட்டி இரண்டு வருஷமாவது சென்றதாகப் பார்த்து, போய்க் காணுங்கள். அங்கே சமைக்கும் அம்மாளைக் கேளுங்கள்; வீட்டு ஆண்பிள்ளையைக் கேட்பதில் பிரயோஜனமில்லை. நம் வீட்டிற்கு வந்தவர் என்ன செய்கிறார் என்பதையும் கவனியுங்கள். வாசலில் நின்றபடியே “குழாய் கெட்டுவிட்டது, புதிது வாங்கவேண்டும், என்னிடமே இருக்கிறது” என்பவரை மரியாதையாக அனுப்பிவிடலாம். குழாய் விற்பவர் சோதித்துச் சொல்லும் முடிவு, காரியதரிசியே செய்த தணிக்கைக்கு ஒப்பானது.

விஷயம் தெரிந்தவர் முதலில் அடுப்பை ஆறவிடச் சொல்லுவார். பிறகு ஊதுவத்தி ஒன்றைக் கொளுத்தி அடுப்பின் வாயருகே பிடிப்பார். அதன் புகை உள்ளே இழுபடவேண்டும். விளக்கைக் காட்டிக் குழாயினுள் பார்ப்பார். கூரையைக் குழாய் துளைக்கும் இடத்தில் கீற்றோ வைக்கோலோ அதைத் தொடுகிறதா என்று கையாலேயே தடவிப் பார்ப்பார். குழாயின் முனை கூரைக்குமேல் 3 அடியாவது உயர்ந்திருக்கிறதா, பக்கத்து முகட்டினால் காற்று திரும்பி அடிக்கிறதா என்றும் பார்ப்பார். கண்டதை உங்களுக்கும் காட்டிவிட்டே கூலி கேட்பார்.

ஒரு எச்சரிக்கை. பழைய அடுப்புகள் பலவற்றில் உள்ளது ஆஸ்பெஸ்டாஸ் சிமிண்டுக் குழாய். அதை உலர்ந்தபடி கம்பித் தூரிகையால் சுரண்டவோ, ரம்பத்தால் அறுக்கவோ விடாதீர்கள். அதன் தூசி நுரையீரலிற் புற்றுநோயை உண்டாக்கும். வெடித்த குழாயை நனைத்து, உடைக்காமல் கழற்றி, வேறுவகைக் குழாய் வைக்கச் சொல்லுங்கள். இதை அறியாதவர் எத்தனை வருஷம் வேலை செய்திருந்தாலும் அவரை அமர்த்தலாகாது.

மலைக் கிராமத்து அங்கத்தினர்களுக்கு ஒரு வார்த்தை. மார்கழிக் குளிரில் கதவைச் சாத்திக்கொண்டு, தணலை அறைக்குள் வைத்து உறங்குவது உயிருக்கே ஆபத்து. தணலிலிருந்து எழும் கார்பன் மோனாக்ஸைடு என்னும் வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. உறங்குபவர் விழிப்பதற்கு முன்பே அது உயிரைக் கொண்டுபோய்விடும். அடைபட்ட குழாயும் இதே வாயுவைத்தான் வீட்டுக்குள் திருப்பிவிடுகிறது.

ஒரு வீட்டுக்காக ஆள் வரவழைத்தால் கூலியும் வழிச்செலவும் மிகுதி. ஒரு தெருவார் கூடி ஒரே நாளில் எல்லா வீட்டையும் பார்க்கச் செய்தால் செலவு பங்கிட்டுப்போகும். சங்கத்தில் ஒரு சிறு நோட்டுப் புத்தகம் வைத்து, எந்த வீட்டுக் குழாய் என்றைக்குப் பார்க்கப்பட்டது, என்ன குறை கண்டது, அது தீர்ந்ததா என்று எழுதி, அவர் கையெழுத்தையும் வாங்கிக்கொள்ளலாம். ஆவணி, புரட்டாசியே இதற்கு ஏற்ற காலம். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் நனைந்த கூரைமேல் ஏற எந்த நல்ல வேலைக்காரரும் இசையமாட்டார். இசைபவரை ஏற்றுவதும் நியாயமன்று.